ஹைட்ராலிக் ஆயில் சுத்தமாக இருக்க: ஃபில்டர் தேர்விலிருந்து ஆயில் சாம்பிள் வரை முழு வழிகாட்டி

டேங்க் மூடியைத் திறந்து பார்க்கிறோம். ஆயில் பொன்னிறமாகப் பளபளக்கிறது. "ஆயில் நல்லாத்தான் இருக்கு" என்று மூடிவிடுகிறோம். பராமரிப்பு வேலையில் இருக்கும் எல்லோருக்கும் பழகிப்போன காட்சி இது. இந்த முடிவை நம்பவே கூடாது என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை.

வெறும் கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் ஏறத்தாழ 40 மைக்ரான். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். மின் சிக்னலுக்கு ஏற்ப ஆயில் ஓட்டத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ வால்வில், ஸ்பூலுக்கும் (உள்ளே நகரும் தண்டு) ஸ்லீவுக்கும் (அதைச் சுற்றிய உறை) நடுவே இருக்கும் இடைவெளியோ 1 முதல் 4 மைக்ரான். கியர் பம்பில் பல்லின் நுனிக்கும் பாடிக்கும் நடுவே 0.5 முதல் 5 மைக்ரான். பிஸ்டன் பம்பில் பிஸ்டனுக்கும் அதன் துளைக்கும் நடுவே 5 முதல் 40 மைக்ரான் வரை போகும். மெஷினைத் தேய்க்கும் துகள்களில் பெரும்பாலானவை நம் கண்ணில் படவே படாது. ஆகவே ஆயிலின் சுத்தத்தை, துகள்களை எண்ணிக் கிடைக்கும் எண்ணை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த ஃபில்டர், எங்கே, எவ்வளவு பெரியது, எப்போது மாற்றுவது என்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

துகள் செய்யும் வேலையையும் சொல்லிவிடுகிறேன். இடைவெளியை விடப் பெரிய துகள் உள்ளே நுழைய முடியாது. மிகச் சிறியது பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். இடைவெளிக்குச் சமமான அளவுள்ள துகள்தான் ஆபத்தானது. இரண்டு உலோகப் பரப்புகளுக்கும் நடுவே அது சிக்கி, இரண்டையும் கீறும். அந்தக் கீறலிலிருந்து புதிய துகள்கள் பிறக்கும், அவை அடுத்த இடத்தைக் கீறும். துகள் துகளைப் பெற்றுப் போடுகிற இந்தச் சங்கிலியை அறுப்பதுதான் ஃபில்டரின் வேலை.

2 முதல் 5 மைக்ரான் வரையிலான நுண்துகள்கள் வேறொரு வகையில் படுத்தும். பிரஷருக்குக் கீழே நெடுநேரம் அசையாமல் நிற்கும் ஸ்பூலின் இடைவெளியில் அவை மெல்ல மெல்லச் சேர்ந்து இறுகிவிடும். சோலனாய்டு, அதாவது ஸ்பூலை நகர்த்தும் மின்காந்தம், இழுத்தாலும் ஸ்பூல் நகராது. ஏசி காயில் என்றால் முழுத் தூரமும் இழுக்க முடியாமல் அதிகக் கரண்ட் எடுத்துச் சூடாகி எரிந்துபோகும். காயிலை மாற்றிவிட்டு, அதே ஆயிலில் மெஷினை ஓட்டினால், சில நாளில் அடுத்த காயில் எரியும். மின்சாரக் கோளாறு என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் பல இடங்களில் உண்மையான குற்றவாளி ஆயில்தான்.

முதல் படி: இலக்கு எண்ணை முடிவு செய்யுங்கள்

உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் ஐஎஸ்ஓ 4406. ஒரு மில்லி ஆயிலில் 4 மைக்ரானுக்கு மேல், 6 மைக்ரானுக்கு மேல், 14 மைக்ரானுக்கு மேல் எத்தனை துகள்கள் என்று எண்ணி, மூன்று குறியீட்டு எண்களாக எழுதுவார்கள். உதாரணம் 18/16/13. இதில் 18 என்றால் ஒரு மில்லியில் 4 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் 1,300 முதல் 2,500 வரை. 16 என்றால் 6 மைக்ரானுக்கு மேல் 320 முதல் 640. 13 என்றால் 14 மைக்ரானுக்கு மேல் 40 முதல் 80.

குறியீடு ஒன்று கூடினால் துகள்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும். இதை மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். 18க்கும் 22க்கும் வித்தியாசம் நான்குதானே என்று தோன்றும். உண்மையில் அது பதினாறு மடங்கு. நிமிடத்துக்கு 60 லிட்டர் தள்ளும் பம்பை எடுத்துக்கொள்வோம். 60 லிட்டர் என்றால் 60,000 மில்லி. ஆயில் 22ஆம் குறியீட்டின் உச்சத்தில் இருந்தால் மில்லிக்கு 40,000 துகள்கள். ஒரு நிமிடத்தில் பம்ப் வழியே போவது 240 கோடி. அதே பம்ப், 18ஆம் குறியீட்டின் உச்சத்தில், நிமிடத்துக்கு 15 கோடி. இரண்டு ஆயிலையும் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் வித்தியாசமே தெரியாது.

இலக்கைத் தேர்ந்தெடுக்கும்போது சிஸ்டத்தில் மிகவும் நுணுக்கமான பாகம் எது என்று பாருங்கள். அதற்கு என்ன தேவையோ அதுவே முழு சிஸ்டத்துக்கும் இலக்கு. பொதுவாக, சர்வோ வால்வு இருந்தால் 16/14/11; புரொபோர்ஷனல் வால்வு என்றால் 17/15/12; பிஸ்டன் பம்புக்கு 18/16/13; வேன் பம்புக்கு 19/17/14; கியர் பம்பும் சாதாரண டைரக்ஷனல் வால்வும் மட்டும் என்றால் 20/18/15 வரை ஓட்டலாம். பிரஷர் 210 பாரைத் தாண்டினாலோ, மெஷின் நின்றால் உற்பத்தியே நின்றுவிடும் என்றாலோ ஒரு குறியீடு இறக்கி வையுங்கள். பாகத்தைத் தயாரித்த நிறுவனம் தன் கையேட்டில் ஒரு எண் கொடுத்திருந்தால் மேலே சொன்னவற்றை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்த முடிவை டேங்கின் மேல் பெயின்டால் எழுதி வைக்கச் சொல்வேன். இலக்கு எண் ஃபைலுக்குள் கிடந்தால் யாருக்கும் பயனில்லை.

இரண்டாம் படி: அழுக்கு வரும் வழிகளை அடைத்துவிடுங்கள்

ஃபில்டரைப் பற்றிக் கேட்க வந்தவரிடம் நான் முதலில் பேசுவது பிரீதரைப் பற்றித்தான், அதாவது டேங்குக்குள் காற்று போய் வரும் வாய். உள்ளே வந்துவிட்ட அழுக்கைப் பிடிப்பதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், வராமல் தடுப்பதற்கு ஆவது மிகக் குறைவு. அப்படியிருந்தும் பல பவர் பேக்குகளில் (பம்ப், மோட்டார், டேங்க் சேர்ந்த தொகுப்பு) விலை உயர்ந்த ரிட்டர்ன் ஃபில்டர் இருக்கும். டேங்கின் மேலே ஒரு தகர மூடி, அதற்குள் கம்பிவலைத் துண்டு, அதுவே பிரீதர்.

சிலிண்டர் நீளும்போது டேங்கில் ஆயில் மட்டம் இறங்கும், வெளிக்காற்று உள்ளே வரும். சுருங்கும்போது மட்டம் ஏறிக் காற்று வெளியே போகும். டேங்க் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான முறை மூச்சு விடுகிறது. கம்பிவலை பிரீதர் பெரிய துகளை மட்டும் தடுக்கும். தூசியின் நுண்பகுதி முழுவதும் உள்ளே போய்விடும். 3 மைக்ரான் பிரீதர் எலிமென்ட் (உள்ளே வைத்து மாற்றக்கூடிய வடிகட்டும் பகுதி) போடுங்கள். ஈரப்பதம் மிகுந்த இடமென்றால் சிலிக்கா ஜெல் உள்ள பிரீதர் நல்லது; அதன் நிறம் மாறினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். பிரீதரை மாற்றிவிட்டு டேங்க் மூடியின் கேஸ்கெட்டையும், பைப் நுழையும் துளைகளையும், ஆயில் ஊற்றும் வாயையும் ஒருமுறை பாருங்கள். வேறெங்காவது ஓட்டை இருந்தால் காற்று அந்தச் சுலபமான வழியில்தான் வரும். பிரீதர் வெறும் அலங்காரமாகிவிடும்.

இரண்டாவது வழி சிலிண்டர் ராடு. வெளியே நீண்டிருக்கும் ராடில் மெல்லிய ஆயில் படலம் இருக்கும், அதில் தூசி ஒட்டும். உள்ளே போகும்போது வைப்பர் சீல் அதை வழித்துத் தள்ள வேண்டும். வைப்பரின் உதடு கிழிந்திருந்தால் ஒவ்வொரு ஸ்ட்ரோக்கிலும் தூசி உள்ளே போகும். ஆயில் கசியவில்லையே என்று வைப்பரை விட்டுவிடுகிறார்கள். கசிவைத் தடுப்பது ராடு சீலின் வேலை. வைப்பரின் வேலை வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுப்பது. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

மூன்றாவது, புதிய ஆயில். சீல் உடைக்காத பேரலில் இருந்து வருவதால் அது சுத்தம் என்று பொருளல்ல. பேரலில் வரும் ஆயில் 21/19/16 அளவிலோ அதைவிட மோசமாகவோ இருப்பது சகஜம். சர்வோ வால்வுக்கு நாம் வைத்த 16/14/11 இலக்கோடு ஒப்பிட்டால் 32 மடங்கு அழுக்கு. வாளியும் புனலும் வைத்து ஊற்றும் பழக்கத்தை நிறுத்திவிட்டு, 3 முதல் 5 மைக்ரான் எலிமென்ட் பூட்டிய ஃபில்டர் டிராலி வழியாகத்தான் டேங்குக்குள் ஏற்ற வேண்டும். டேங்கில் ஒரு குயிக் கப்ளிங் பொருத்திவிட்டால் மூடியைத் திறக்கும் தேவையே வராது.

நான்காவது, நம் கை. ஹோஸை அறுத்த ரப்பர் தூள், வெல்டிங் பொறி, நூல் விடும் துணி, மூடாமல் விட்ட போர்ட்டுகள். புதிய ஹோஸைப் பூட்டும் முன் உள்ளே ஸ்பாஞ்ச் புரொஜெக்டைலைச் செலுத்திச் சுத்தம் செய்யுங்கள். கழற்றிய ஒவ்வொரு முனைக்கும் உடனே பிளக் போடுங்கள்.

மூன்றாம் படி: எந்த ஃபில்டர் எங்கே

சக்ஷன் பக்கத்தில் ஆசைப்படாதீர்கள். பம்ப் ஆயிலை உறிஞ்சுவதற்கு உதவுவது டேங்கின் மேலுள்ள காற்றழுத்தம் மட்டும்தான், அது ஏறத்தாழ 1 பார். நுண்ணிய ஃபில்டரை அங்கே வைத்தால் பம்புக்கு ஆயில் பற்றாமல் கேவிடேஷன் வரும். கூர்மையாக ஊளையிடும் சத்தம் கேட்கும், உலோகப் பரப்பு குழி குழியாக அரிக்கும். அங்கே வைக்கக்கூடியது 125 முதல் 150 மைக்ரான் கம்பிவலை ஸ்ட்ரைனர் மட்டும். அது நட்டு, போல்ட், துணித்துண்டு போன்றவை பம்புக்குள் போகாமல் தடுக்கும், அவ்வளவே. டேங்க் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பதால் அதை ஆண்டுக்கணக்கில் யாரும் சீந்துவதில்லை. பம்ப் செத்த பிறகுதான் அடைத்துக் கிடப்பது தெரியவரும். ஸ்ட்ரைனர் இருந்தால் சக்ஷன் லைனில் ஒரு வெற்றிடக் கேஜ் பூட்டுங்கள்.

பிரஷர் ஃபில்டர் பம்புக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும். முழு சிஸ்டம் பிரஷரையும் அதன் கூடு தாங்க வேண்டும் என்பதால் விலை அதிகம். பம்ப் உடைந்தால் சிதறும் உலோகத் தூளை வால்வுகளுக்குப் போகவிடாமல் பிடிப்பது இதுதான். சர்வோ, புரொபோர்ஷனல் வால்வுகள் இருந்தால் இதைத் தவிர்க்கக் கூடாது. சர்வோ வால்வுக்கு நேர் முன்னால் வைப்பதில் பைபாஸ் (எலிமென்ட் அடைத்தால் ஆயிலை வடிகட்டாமல் சுற்றி அனுப்பும் வால்வு) இருக்கக் கூடாது. எலிமென்ட் முழுவதும் அடைத்தாலும் நொறுங்காத, 210 பார் வித்தியாசத்தைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும்.

ரிட்டர்ன் ஃபில்டர் பெரும்பாலான மெஷின்களில் முக்கியப் பாரத்தைச் சுமக்கிறது. சிலிண்டரும் வால்வும் உண்டாக்கிய அழுக்கையும், ராடு வழியே வந்த தூசியையும் டேங்குக்குள் சேரும் முன் பிடிக்கிறது. பிரஷர் குறைவு என்பதால் கூடும் மலிவு. ஒரே ஒரு ஃபில்டருக்குத்தான் இடம் என்றால் நான் இதைத்தான் வைப்பேன்.

பிஸ்டன் பம்பின் கேஸ் டிரெயின் லைனில் (பம்புக்குள் கசியும் ஆயிலை டேங்குக்கு விடும் குழாய்) அடர்த்தியான ஃபில்டர் வேண்டாம். கேஸ் பிரஷர் ஏறினால் ஷாஃப்ட் சீல் பிதுங்கிவிடும். பம்ப் தயாரிப்பாளர் அனுமதிக்கும் கேஸ் பிரஷரைத் தாண்டாத, பைபாஸ் உள்ள பெரிய ஃபில்டராக இருந்தால் சரி.

ஆஃப்லைன் ஃபில்டரை, நம் ஆட்கள் கிட்னி லூப் என்று சொல்வதை, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டேங்கிலிருந்து ஒரு சிறிய தனிப் பம்ப் ஆயிலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகத் தள்ளி, டேங்குக்கே திருப்பி அனுப்பும். மெயின் மெஷின் நின்றாலும் இது ஓடும். எலிமென்டை மாற்ற உற்பத்தியை நிறுத்த வேண்டாம். எல்லாவற்றையும் விட, இதன் வழியே போகும் ஓட்டம் சீரானது. ரிட்டர்ன் லைனில் வால்வு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஓட்டம் துள்ளும். அந்தத் துள்ளலில் எலிமென்டின் மடிப்புகள் அசைந்து, பிடித்த துகளில் கொஞ்சத்தை விட்டுவிடும். சீரான ஓட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இதன் பம்ப் நிமிடத்துக்கு டேங்க் கொள்ளளவில் 5 முதல் 10 சதவீதம் தள்ளினால் போதும். 400 லிட்டர் டேங்குக்கு 20 முதல் 40 லிட்டர். டேங்க் அளவு ஆயில் ஒருமுறை ஃபில்டர் வழியே போய்விட்டால் முழுவதும் சுத்தம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வடிகட்டிய ஆயில் டேங்கிலேயே அழுக்கு ஆயிலோடு கலப்பதால் அப்படி நடக்காது. எதையும் தப்பவிடாத ஃபில்டர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு சுற்று முடிந்ததும் 37 சதவீத அழுக்கு மிஞ்சும். மூன்று சுற்றில் 5 சதவீதம். ஐந்து சுற்றுக்குப் பிறகுதான் 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். ஆகவே ஃபில்டர் டிராலியை இணைத்தால் ஐந்து முதல் ஏழு சுற்று ஓடும் வரை கழற்றாதீர்கள். உறிஞ்சும் முனையும் திரும்பும் முனையும் டேங்கின் எதிரெதிர் மூலைகளில் இருக்கட்டும். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சுத்தமான ஆயிலையே திரும்பத் திரும்பச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்.

நான்காம் படி: எலிமென்டின் உண்மைத் திறன்

"10 மைக்ரான் ஃபில்டர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. 10 மைக்ரான் துகள்களில் பாதியைப் பிடிப்பதும் 10 மைக்ரான்தான், ஆயிரத்தில் ஒன்றை மட்டும் தப்பவிடுவதும் 10 மைக்ரான்தான். வித்தியாசத்தைச் சொல்வது பீட்டா எண். ஐஎஸ்ஓ 16889 என்ற சோதனையில், ஃபில்டருக்கு முன்னால் எத்தனை துகள்கள், பின்னால் எத்தனை என்று எண்ணி வகுப்பார்கள். முன்னால் 10,000, பின்னால் 5,000 என்றால் பீட்டா 2. திறன் 50 சதவீதம். பின்னால் 50 என்றால் பீட்டா 200, 99.5 சதவீதம். பின்னால் 10 என்றால் பீட்டா 1000, 99.9 சதவீதம்.

99.5க்கும் 99.9க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று சதவீதத்தைப் பார்த்தால் தோன்றும். தப்பிப்போவதைப் பாருங்கள்: ஒன்றில் 50, மற்றதில் 10. ஐந்து மடங்கு. அதனால்தான் சதவீதத்தை விட பீட்டாவைப் பார்க்கச் சொல்கிறேன். விற்பவரிடம் "எத்தனை மைக்ரானில் பீட்டா எவ்வளவு, ஐஎஸ்ஓ 16889படி சோதித்ததா" என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த எலிமென்டை வாங்காதீர்கள். விலை குறைந்த மாற்று எலிமென்ட் கூட்டுக்குள் கச்சிதமாகப் பொருந்தலாம். நூல், நீளம், ஓ-ரிங் எல்லாம் சரியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் ஊடகத்தின் தரம் வெளியிலிருந்து தெரியாது.

ஊடகங்களில் காகிதம் மலிவு. ஆனால் அதன் துளைகள் ஒரே அளவாக இருக்காது, தண்ணீர் பட்டால் ஊறி வீங்கும். நுண் கண்ணாடி இழை இன்றைக்கு ஹைட்ராலிக்கில் வழக்கமான தேர்வு; இழைகள் மெல்லியவை, அதிக அழுக்கைத் தாங்கும், பீட்டா நிலையாக இருக்கும். ஸ்டீல் கம்பிவலை கழுவிப் பயன்படுத்தலாம், ஆனால் நுண்துகளைப் பிடிக்காது. காகிதத்தையும் கண்ணாடி இழையையும் டீசலில் கழுவி, காற்றடித்து மறுபடி மாட்டுவது வெறும் விரயமில்லை, நேரடி ஆபத்து. காற்றின் வேகத்தில் ஊடகம் கிழியும். பிடித்து வைத்திருந்த அழுக்கு சுத்தமான பக்கத்துக்கு வந்து, மெஷின் ஓடத் தொடங்கியதும் உள்ளே போகும்.

துத்தநாகம் சேர்க்காத ஆயிலைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று. அப்படிப்பட்ட ஆயில்களில் பல மின்சாரத்தைக் கடத்துவது குறைவு. நெருக்கமான கண்ணாடி இழை வழியே வேகமாகப் பாயும்போது நிலைமின்சாரம் சேர்ந்து பொறியாகத் தெறிக்கலாம். கூட்டின் பக்கத்தில் காதை வைத்தால் டிக் டிக் என்று கேட்கும். எலிமென்டில் ஊசித்துளை போல எரிந்த புள்ளிகள் விழும், ஆயிலில் வார்னிஷ் எனும் பிசின் போன்ற படிவு சேரும். இதற்கென்றே நிலைமின்சாரத்தைக் கடத்தும் எலிமென்ட்கள் கிடைக்கின்றன. அல்லது பெரிய எலிமென்ட் போட்டு ஓட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம்.

ஐந்தாம் படி: அளவு கணக்கு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பம்ப் நிமிடத்துக்கு 60 லிட்டர். ஆகவே 60 லிட்டர் ரிட்டர்ன் ஃபில்டர் போதும் என்பது கணக்கு. சிலிண்டரின் விட்டம் 100 மில்லிமீட்டர், ராடு 70 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டனின் முழுப் பரப்பு 7,854 சதுர மில்லிமீட்டர். ராடு பக்கத்தில் எஞ்சுவது 4,006. சிலிண்டர் சுருங்கும்போது பம்பின் 60 லிட்டர் சின்னப் பரப்பைத் தள்ளும், பெரிய பரப்பிலிருந்து வெளியேறுவது 60ஐ 7,854ஆல் பெருக்கி 4,006ஆல் வகுத்தால் வருவது: ஏறத்தாழ 118 லிட்டர். ரிட்டர்ன் லைனில் பம்பைப் போல் இரண்டு மடங்கு ஆயில் ஓடுகிறது. 60 லிட்டர் ஃபில்டர் ஒவ்வொரு சுருக்கத்திலும் பைபாஸைத் திறந்து, வடிகட்டாத ஆயிலை டேங்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். எலிமென்ட் பல மாதம் புத்தம்புதிதாக இருக்கும். ஆயில் மட்டும் மோசமாகிக்கொண்டே போகும். அக்யூமுலேட்டர் (ஆயிலைப் பிரஷரில் சேமித்து வைக்கும் கலன்) இருந்தால் அது ஒரே நொடியில் கொட்டும் ஓட்டத்தையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது கெட்டித்தன்மை. விஜி 46 ஆயில் 40 டிகிரியில் 46 சென்டிஸ்டோக்ஸ். 10 டிகிரியில் அது ஐந்து மடங்குக்கும் மேல் கெட்டியாகிவிடும். எலிமென்டின் பிரஷர் இழப்பு கெட்டித்தன்மைக்கு நேர் விகிதத்தில் ஏறும். சூடான ஆயிலில் 0.4 பார் இழந்த எலிமென்ட் குளிர்ந்த காலையில் 2 பார் இழக்கும். பட்டியலில் உள்ள வரைபடம் எந்தக் கெட்டித்தன்மைக்குப் போட்டது என்று பார்த்து, உங்கள் ஆயிலுக்கு மாற்றிக் கணக்கிடுங்கள். ஓட்டும் வெப்பநிலையில், புதிய எலிமென்டும் கூடும் சேர்ந்து ரிட்டர்னில் 0.5 பாருக்கும், பிரஷர் லைனில் 1 பாருக்கும் மேல் இழக்காமல் தேர்ந்தெடுப்பது நல்ல வழக்கம். சந்தேகம் வந்தால் அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள். அழுக்கைப் பிடிக்கும் இடம் கூடும், மாற்றும் இடைவெளி நீளும், கொடுத்த பணம் திரும்பி வந்துவிடும்.

ஆறாம் படி: பைபாஸும் இண்டிகேட்டரும்

எலிமென்ட் அடைத்தால் அது நொறுங்காமல் காப்பதற்காக ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு திறந்து ஆயிலைச் சுற்றி அனுப்பும். ரிட்டர்ன் ஃபில்டரில் இது பொதுவாக 1.5 முதல் 3.5 பார் வித்தியாசத்தில் திறக்கும். திறந்துவிட்டால் அந்த லைனில் ஃபில்டரே இல்லாத நிலைதான். அதற்கு முன்பே எச்சரிக்கத்தான் இண்டிகேட்டர். பைபாஸ் 3 பாரில் என்றால் இண்டிகேட்டர் 2 பார் அளவில் காட்ட வேண்டும்.

குளிரில் ஸ்டார்ட் செய்ததும் இண்டிகேட்டர் சிவப்புக் காட்டினால் பதறாதீர்கள். ஆயில் சூடேறிய பிறகும் சிவப்பாக இருந்தால்தான் மாற்ற வேண்டும். என்னைக் கேட்டால், பல மாதமாகப் பச்சையிலேயே நிற்கும் இண்டிகேட்டர்தான் அதிகக் கவலை தர வேண்டியது. பைபாஸ் சீட்டில் அழுக்கு சிக்கித் திறந்தே கிடக்கலாம்; எலிமென்ட் கிழிந்திருக்கலாம்; ஓ-ரிங் இல்லாமல் மாட்டியிருக்கலாம்; கூட்டுக்குள் எலிமென்டே இல்லாமலும் இருக்கலாம். கழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: எலிமென்ட் மாற்றுவது

மெஷினை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடுங்கள். தூக்கிய பாரத்தைக் கீழே இறக்குங்கள். அக்யூமுலேட்டரின் பிரஷரை வடித்து, கேஜ் பூஜ்யம் காட்டுவதைப் பாருங்கள். இதில் குறுக்கு வழியே கிடையாது. மெஷின் ஓடும்போது கசிவைக் கையால் தடவித் தேடவும் கூடாது. ஊசித்துளையில் பீச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போனால், வெளியே சின்னப் புள்ளி மட்டும் தெரிந்தாலும், அது உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் அவசரம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

கூட்டின் வெளிப்புறத்தையும் சுற்றியுள்ள இடத்தையும் முதலில் துடையுங்கள். தூசி படிந்த மூடியை அப்படியே திருகித் திறந்தால், எலிமென்ட் பல வாரம் பிடித்ததை விட அதிக அழுக்கை ஒரே நிமிடத்தில் நாமே உள்ளே கொட்டிவிடுவோம். டேங்கின் மேலே இருக்கும் ரிட்டர்ன் ஃபில்டர் என்றால் எலிமென்டை மெல்லத் தூக்கி, ஆயில் வடியக் காத்திருங்கள். சட்டென்று இழுத்தால் வெளிப்புற அழுக்கு கழுவிக்கொண்டு டேங்குக்குள் இறங்கும். கிண்ணம் போன்ற கூடு என்றால் அதில் எஞ்சிய ஆயிலைத் திருப்பி ஊற்றாதீர்கள். அடியில் படிந்திருப்பது அத்தனையும் நீங்கள் பிடித்த அழுக்கு.

கூட்டின் உட்புறத்தை நூல் விடாத துணியால் துடைத்து, பைபாஸ் சீட்டையும் பாருங்கள். புதிய எலிமென்டின் பார்ட் எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்கள். உறையை முன்கூட்டியே கிழிக்க வேண்டாம். மேல் பக்கம் மட்டும் திறந்து, உறையோடு பிடித்து நிப்பிளில் அழுத்திவிட்டு, பிறகு உறையை உருவுங்கள். கை ஊடகத்தில் படக் கூடாது. ஓ-ரிங்கைப் புதிதாகப் போட்டு, சுத்தமான ஆயில் தடவுங்கள். கூட்டை நிரப்புவதற்கென்று கேனிலிருந்து ஆயில் ஊற்றாதீர்கள். எலிமென்டின் சுத்தமான பக்கத்தில் வடிகட்டாத ஆயில் விழுந்தால் அது நேராக வால்வுக்குப் போகும். மூடி, காற்றை வெளியேற்றி, மெஷினை விட்டு விட்டு ஸ்டார்ட் செய்து கசிவு பாருங்கள். தேதியையும் மெஷின் ஓடிய மணியையும் கூட்டின் மேலேயே எழுதுங்கள்.

எட்டாம் படி: பழைய எலிமென்டை வெட்டிப் பாருங்கள்

கழற்றிய எலிமென்டைக் குப்பையில் போடுபவர்கள், மெஷின் எழுதிய கடிதத்தைப் படிக்காமல் எறிகிறார்கள். பைப் கட்டரால் வெட்டுங்கள். ஹேக்ஸா வேண்டாம், அதன் தூளே மடிப்பில் விழுந்து குழப்பும். ஊடகத்தைப் பிரித்து வெள்ளைத் தட்டில் விரித்து, சுத்தமான சால்வென்டில் அலசி, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். காந்தத்தை ஒரு பாலித்தீன் பைக்குள் போட்டு அதன் மேல் நகர்த்துங்கள்.

காந்தத்தில் ஒட்டாத, தங்கம் போல மின்னும் துகள் வெண்கலமோ பித்தளையோதான்: பிஸ்டன் பம்பின் ஸ்லிப்பர், வால்வ் பிளேட், கியர் பம்பின் புஷ் இவற்றில் ஒன்று தேய்கிறது. கூரிய முனையுள்ள ஸ்டீல் சீவல் காந்தத்தில் ஒட்டினால் பேரிங்கையோ கியரையோ சந்தேகியுங்கள். கருப்பு ரப்பர் துணுக்கு ஹோஸின் உட்சுவரிலிருந்தோ சீலிலிருந்தோ வந்தது. விரல்களுக்கு நடுவே நறநறக்கும் ஒளிபுகும் மணல் துகள் வெளியிலிருந்து வந்தது. இரண்டாம் படிக்குத் திரும்பிப் போய் பிரீதரையும் வைப்பரையும் பாருங்கள். பழுப்புப் பிசின் படிந்திருந்தால் ஆயில் சூட்டில் சிதைந்திருக்கிறது, கூலரைக் கவனியுங்கள்.

பம்ப் உடைந்திருந்தால் பம்பையும் எலிமென்டையும் மாற்றுவதோடு வேலை முடியாது. பைப்பிலும் சிலிண்டரிலும் சிதறிய தூள் புதிய பம்பையும் தின்னும். லைன்களை ஃபிளஷிங் செய்தாக வேண்டும். ஆயில் கொந்தளித்து ஓடும் வேகம் வேண்டும், அதாவது ரெனால்ட்ஸ் எண் 4,000க்கு மேல். மெதுவான ஓட்டம் பைப்பின் சுவரில் ஒட்டிய துகளை அசைக்காது.

தண்ணீரைப் பற்றிச் சுருக்கமாக. ஆயில் பால் போல வெளிறினால் கரைய முடியாத தண்ணீர் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. சூடான தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சடசடவென்று வெடித்தால் உறுதி. கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு அணிந்துகொண்டு செய்யுங்கள். சாதாரண எலிமென்ட் தண்ணீரைப் பிடிக்காது. தண்ணீரை உறிஞ்சும் எலிமென்ட் தனியாகப் பிரிந்து நிற்கும் தண்ணீரை எடுக்கும். கரைந்திருப்பதை எடுக்க வெற்றிட முறையில் உலர்த்தும் கருவி வேண்டும்.

ஒன்பதாம் படி: சாம்பிள் எடுத்துச் சரிபாருங்கள்

டேங்க் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து பிடித்த ஆயில் சாம்பிளே இல்லை. அது அடியில் படிந்த சேறு. மெஷின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் வழக்கமான சூட்டில் இருக்க, ரிட்டர்ன் ஃபில்டருக்கு முன்னால் ஓட்டம் கொந்தளிக்கும் வளைவில் ஒரு சாம்பிளிங் வால்வு பூட்டி அங்கே எடுங்கள். வால்வின் வெளிப்புறத்தைத் துடைத்து, முதலில் வரும் அரை லிட்டரை வேறு பாத்திரத்தில் விடுங்கள். ஓட்டத்தை நிறுத்தாமல், வால்வைத் தொடாமல், சான்றளித்த சுத்தமான பாட்டிலை அதன் கீழே நீட்டுங்கள். மூடியைத் திறப்பது கடைசி நொடியில்; நிரம்பியதும் உடனே மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே முறை.

முடிவு வந்ததும் மூன்று எண்களையும் சேர்த்துப் படியுங்கள். இலக்கு 18/16/13, வந்தது 22/20/13 என்றால் பெரிய துகள் கட்டுப்பாட்டில் இருக்கிறது, நுண்துகள் சேர்கிறது: எலிமென்டின் பீட்டா போதவில்லை, அல்லது ஆஃப்லைன் ஃபில்டர் தேவை. 19/18/17 என்று கடைசி எண் மற்றவற்றை விட அதிகமாகத் துள்ளினால் ஏதோ ஒரு பாகம் புதிதாகத் தேயத் தொடங்கியிருக்கிறது. உடனே எலிமென்டை வெட்டிப் பாருங்கள். மூன்றும் சேர்ந்து இரண்டு குறியீடு ஏறியிருந்தால் ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் ஒரே நேரத்தில் இன்னொரு ஜோடி சாம்பிள் எடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் ஆயில் எலிமென்ட் வழியே போகவில்லை. பைபாஸையும் ஓ-ரிங்கையும் தேடுங்கள். பின்னால் நன்றாக இறங்கியிருந்தும் டேங்க் மோசமாகவே இருந்தால் ஃபில்டர் தன் வேலையைச் செய்கிறது, அழுக்கு அதைவிட வேகமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. எதைச் சரிசெய்தாலும், டேங்க் அளவு ஆயில் ஏழு சுற்று ஃபில்டர் வழியே ஓடிய பிறகு அதே வால்விலிருந்து அடுத்த சாம்பிளை எடுத்து, பழைய எண்ணுக்குக் கீழே எழுதுங்கள்.